நாற்பத்தாறு

இரவு எட்டரை.
தண்டையார்பேட்டையில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
அந்தக் கட்டடத்தில் ஏ.சி. ஓடும் ஒரே அறை என்னுடையது.
ஏ.சி. எனக்கில்லை, சுவிட்சுகளுக்கு.

ஆயிரத்து நானூறு வீட்டின் இணையம்
ஒற்றைக் கண்ணாடி இழையில் பாரிமுனைப் பக்கம் போகிறது.
ரெண்டு தெரு தள்ளி, எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுக வாசலுக்குக் காத்திருக்கும் டிரெய்லர்கள்
திருவொற்றியூர் தாண்டி நிற்கின்றன.
டிரைவர்கள் வண்டிக்கடியில் பாய் விரித்தாயிற்று.
என் வரிசையில் யாருக்கும் படுக்க நேரமில்லை.
ஐம்பது மில்லி நொடிக்கு மேல் நின்றால்
தள்ளிவிட்டுவிடுவேன்.

பொட்டலம் என்றுதான் சொல்கிறோம்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஆறு பிட் இடம் உண்டு.
பேச்சுக்கு நாற்பத்தாறு:
ஒன்று சுழி ஒன்று ஒன்று ஒன்று சுழி.
வீடியோவுக்கு முப்பத்து நாலு.
மற்றதெல்லாம் சுழி.
அந்த வகுப்புக்குப் பெயர் 'முடிந்தவரை'.
முடிந்தவரை கொண்டுபோவோம்,
முடியாவிட்டால் கேட்காதே.

தண்ணி லாரி வருவதற்கு முன்னே
குடத்தில் பெயிண்ட்டால் எழுத்துப் போட்டு வைப்பார்களே, அதுதான்.
எழுத்துப் போட்டதால் லாரியில் தண்ணீர் ஏறாது.
காலி ரோட்டில் சைரனுக்கும் வேலையில்லை.
நெரிசலில்தான் எனக்குச் சம்பளம்.
ஒருவரை முன்னே விட
இன்னொருவரை நிறுத்துகிறவன்.
காலடிப்பேட்டையில் படம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும்.
"இன்னாண்ணா, துட்டு வாங்கல?"
இம்தியாஸ் போனில் கத்துவான்.
அந்தக் கத்தல் மட்டும்
ஒரு சொல் சிந்தாமல் வந்து சேரும்.
அதற்கு நாற்பத்தாறு போட்டது நான்தான்.

போன செவ்வாய் ஜெசிந்தா வந்தாள்.
காசிமேடு, ஐஸ் ஃபேக்டரி சந்து.
கவுண்டரில் பில் புத்தகத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதினாள்:
'ராத்திரி 8 மணிக்கு என் கை நிக்குது.
அவர் கையும்.'
போனை நீட்டினாள்.
வேராவலில் படகுக்கு வெல்டிங் வைக்கும் புருஷன்.
இருவருக்கும் காது கேட்காது.
திரையில் அவன் விரல் மூன்று
பாதிச் சொல்லில் உறைந்திருந்தன.

ஒன்பது வருடமாக இந்த விதிகளை எழுதுகிறேன்.
பேச்சு என்றால் சத்தம் என்று
யார் எனக்குச் சொன்னது?

அன்றிரவு பதினேழாவது வரிக்கு மேலே
ஒரு வரி சேர்த்தேன்.
அவள் பெட்டியிலிருந்து கிளம்பும் விரல், மணிக்கட்டு, புருவம்
அத்தனையும் பேச்சு. நாற்பத்தாறு.
அவன் பக்கமிருந்து சுழியாக வருவதையும்
என் வாசலிலேயே பிடித்துக் குறி இட்டேன்.
கனமான பேச்சுதான்.
பதினைந்து பேர் ஹலோ சொல்லும் இடத்தை அடைக்கிறது.
முதலாளி கோதண்டராமுலு கேட்டால் சொல்ல
பதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பாரிமுனை தாண்டினால் பெரிய கம்பெனியின் எல்லை.
வெளியிலிருந்து வரும் குறி எதையும் அங்கே நம்ப மாட்டார்கள்.
துடைத்துச் சுழியாக்கித்தான் உள்ளே விடுவார்கள்.
கோபமில்லை, பழக்கம்தான்.
என் பின்கோடைப் பார்த்துவிட்டு
கடன் படிவத்தைத் திருப்பித் தந்த வங்கிக்காரரும்
இப்படித்தான், மரியாதையாகத் துடைத்தார்.

அங்கிருந்து வேராவல் வரை
அவள் கைகள்
முடிந்தவரை போகும்.

இன்று காலை ஒயர் மாற்ற அந்தச் சந்துக்குப் போனேன்.
ஏணியின் உச்சியில் இருக்கும்போது
எதிர்மாடியிலிருந்து ஜெசிந்தா
ரெண்டு கையாலும் வேகமாக என்னவோ சொன்னாள்.
நன்றியா, திட்டா,
நேற்று ராத்திரி மறுபடி நின்றதா?
புரிந்ததுபோல் தலையாட்டினேன்.
புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.
தொலைந்துபோனதைத் திரும்ப அனுப்புவதுபோல்
முதலிலிருந்து ஆரம்பித்தாள்,
மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

ஏணிக்குக் கீழே வழியில்லாமல்
மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
நிற்கட்டும்.